நைனாவுக்குக் கேட்ட இன்ஜின்

வீட்டில் நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட்டால் திரும்பமாட்டார், தோளைத் தொட வேண்டும். ஆனால் காது கேட்காது என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது. "கேக்குதுடா. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசிக்கினு கீறீங்க" என்பார். சரி என்று அம்மா உரக்கப் பேசினால், "எதுக்கு இப்டி கத்தற? நான் இன்னா செவுடா?" என்று அதற்கும் ஒரு சண்டை.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மாவு மில்லில் அவர் வேலை பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்பே அங்கே சேர்ந்தவர். அரிசிக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று, சீயக்காய்க்கு ஒன்று என்று மூன்று மிஷின்கள் ஒரே அறையில் ஓடும். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. வருகிறவர்கள் தூக்கைத் திறந்து காட்டுவார்கள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்து, நைசாக வேண்டும் என்பார்கள். நைனா தலையாட்டுவார். காதே தேவைப்படாத வேலை. அதனால்தான் அவருக்குக் கேட்கவில்லை என்பது எங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கே வெகுகாலம் தெரியாமல் போனது. இடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று மில்லை மூடினார்கள். அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. மில்லில் பழகிய தலையாட்டல் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சாம்பாரா ரசமா என்று அம்மா கேட்டாலும் தலையாட்டுவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனாவுக்கு எழுத்து தெரியாது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். சின்ன வயதில் பாடப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டச் சொல்வார் நைனா. மழை எப்படிப் பெய்கிறது, இரும்புக் கப்பல் ஏன் மூழ்குவதில்லை என்பதெல்லாம் அவருக்கு நான் வாசித்துக் காட்டியதுதான். நடுவில் நிறுத்தி, "அதெப்டி? திருப்பிப் படி" என்பார். எனக்குப் புரியாத இடத்தில்தான் சரியாக நிறுத்துவார். பிறகு நந்தனத்தில் கல்லூரியில் இயற்பியல் எடுத்தேன். அவரிடம் சொல்வதற்கு எனக்கு நிறைய இருந்த வருஷங்கள் அவை. அவருடைய காது அடங்கிப்போன வருஷங்களும் அவையேதான். எழுதிக் காட்டவும் வழியில்லை. சைகைக்குள் அடங்கும் பேச்சு மட்டும் எங்களுக்குள் மிஞ்சியது. சாப்பிட்டாயா, கிளம்பட்டுமா, குடை எங்கே.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காதுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். சில நாள் மாட்டிப் பார்த்தார். தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி எல்லாம் ஒன்றாகக் கேட்கிறது என்று கழற்றி, டப்பாவில் போட்டு, பீரோ மேல் வைத்துவிட்டார்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் ஒரு நைட்ரோ இன்ஜின் வந்து சேர்ந்தது.

என்னோடு படித்த நண்பன் ஒருவன், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பையன். கடையில் உட்காரச் சொன்னால் முகம் சுண்டிவிடும். ரிமோட்டில் ஓடும் படகு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மாதிரிப் படகுப் பந்தயம் என்று ஒன்று நம்மூரில் நடக்கிறது என்பதையே அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கை நீளத்துக்கு ஒரு படகு, அதன் வயிற்றுக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு இன்ஜின். அது பெட்ரோலில் ஓடாது. மெத்தனாலில் கொஞ்சம் நைட்ரோமீத்தேன் சேர்த்து, கூடவே விளக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். விளக்கெண்ணெய் இல்லாவிட்டால் உள்ளே பிஸ்டன் உராய்ந்து, இறுகி, செத்துப்போகும்.

முன்பெல்லாம் இந்த இன்ஜின்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அடையாறில் பங்களா இருப்பவர்களின் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு மலிவு இன்ஜின்கள் வந்து இறங்கின. மலிவு என்றால் மலிவுதான். உலோகம் மெத்து, உள்பூச்சு சீக்கிரம் உரிந்துவிடும், ஒரு சீசன் உழைத்தால் பெரிய விஷயம். பழைய ஆட்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் அந்தப் பிதுக்கலையெல்லாம் தாண்டி அதுதான் எங்களைப் போன்றவர்களைக் குளத்தங்கரைக்குக் கூட்டிவந்தது. வடபழனியில் பைக் மெக்கானிக் ஒருவர், ஷூட்டிங்கில் லைட் தூக்கும் ஒருவர், கூரியர் பையைத் தோளில் மாட்டியபடியே வருகிற ஒருவர், பிறகு நான். நண்பன் இரண்டு இன்ஜின் வாங்கி ஒன்றை என்னிடம் தள்ளிவிட்டான். இரண்டு படகுக்கும் சேர்த்து எரிபொருள் ஒரே கேனில் என்று ஏற்பாடு.

புது இன்ஜினை எடுத்தவுடன் பந்தயத்தில் விடக் கூடாது. பலகையில் இறுக்கி, மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். எங்கள் குடித்தன வீட்டு மொட்டைமாடியில் ஒரு மத்தியானம் அதைச் செய்தோம். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போன நேரத்தில் பிடித்துக்கொண்டது. கொசு காதுக்குள் புகுந்து வளர்ந்து யானை ஆனது மாதிரி ஒரு சத்தம். கீழே நாலு குடித்தனமும் வாசலுக்கு வந்து திட்டியது. அம்மாவுக்குச் சத்தத்தைவிட நாற்றம்தான் பொறுக்கவில்லை. பேதிக்குக் குடிக்கிற எண்ணெயை எவனாவது எரிப்பானா என்று படியிலிருந்தே கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் நைனா வந்தார். உறங்கிக்கொண்டிருந்தவர். யாரும் அவர் தோளைத் தொடவில்லை.

நான் பயந்துபோய் இன்ஜினை அணைத்தேன்.

"ஏன் நிறுத்திட்ட? வுடுடா."

காதைத் தொட்டுக் காட்டி, கேட்கிறதா என்று வாயை அகலமாகத் திறந்து கேட்டேன்.

"கேக்காம இன்னா? எனக்கு எல்லாந்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்தி உட்கார்ந்துகொண்டார். மறுபடி ஓட்டினோம். சத்தம் ஏறும்போது அவர் புருவம் ஏறியது. இறங்கும்போது இறங்கியது. ஒரு சத்தத்தோடு சேர்ந்து அந்த முகம் அசைவதைப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நைனா எனக்கு முன்னால் எழுந்து குளித்துச் சட்டை போட்டு நிற்பார். அடையாறில் ஒரு பழைய பங்களாவின் தோட்டத்துக்குப் பின்னால் பெரிய குளம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர்கள் பந்தயக்காரர்களுக்கு அதை விட்டிருந்தார்கள். பைக்கில் நண்பன் படகைக் கொண்டுபோவான், நானும் நைனாவும் பஸ்ஸில் போவோம். எரிபொருள் கேன் நைனாவின் மடியில். அதை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்.

குளத்தங்கரையில் நான் கண்டதை இப்போதும் யாரிடமாவது சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. ஆறேழு நைட்ரோ இன்ஜின்கள் ஒன்றாக அலறினால் அங்கே நிற்கிற எவருக்கும் எதுவும் கேட்காது. பக்கத்தில் நிற்பவனிடம் பேச வேண்டுமானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லையென்றால் கையைக் காட்ட வேண்டும். டாக்டர், மெக்கானிக், கல்லூரிப் பையன்கள், எல்லோரும் கத்தினார்கள், எல்லோரும் கையைக் காட்டினார்கள், பாதி புரியாமல் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கரையில் நைனா மற்றவர்களைப் போல ஒருவர். அவ்வளவுதான். யாரும் அவரிடம் பரிதாபமாகக் குனிந்து பேசவில்லை. அவர் திரும்பக் கேட்டால் யாரும் சலித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எல்லோருமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரு வாரம் முழுக்கப் பேசாத பேச்சை அங்கே காலை முடிவதற்குள் பேசிவிடுவார்.

மில் சைகைகூட அங்கே செல்லுபடியானது. எரிபொருள் ஊசியைத் துளி திருக வேண்டும் என்றால் நைனா தூரத்திலிருந்தே கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டுவார். முதலில் என்னைப் பார்த்துத்தான் காட்டினார். நாளடைவில் எல்லோரும் எல்லோரிடமும் அதையே காட்ட ஆரம்பித்தார்கள். அது மாவு மில் பாஷை என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை.

ஒரு டாக்டர் இருந்தார். அவர்தான் பந்தயக்காரர்களில் மூத்தவர். வெளிநாட்டு இன்ஜின் வைத்திருந்தவர். சத்தத்துக்குக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் வருவார். ஒருநாள் நைனாவுக்கும் இரண்டு உருண்டை கொடுத்து, பாதுகாப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"எனக்கு நல்லா கேக்குது சார். உங்களுக்குத்தான் பஞ்சு வேணும். வெச்சிக்கங்க" என்றார் நைனா.

டாக்டர் சிரித்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தச் சத்தமும் மில் சத்தம் மாதிரிதான், மிச்சமிருப்பதையும் தின்றுவிடும் என்றார். எனக்கும் தெரியும். சத்தம் எப்படிக் காதைக் கெடுக்கும் என்பதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு நைனா சட்டை போட்டு நின்றபோது நான் கேனை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

அந்தக் குளத்தைச் சுற்றி மெல்ல மெல்ல அடுக்குமாடிகள் எழும்பின. ஜன்னல்கள் கூடக் கூட புகாரும் கூடியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கைக்குழந்தையைத் தூங்கவைக்கிற ஒரு தாயிடம் இந்தச் சத்தம் எங்கள் நைனாவுக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அதே சமயத்தில் பேட்டரிப் படகுகளும் வந்துவிட்டன. கயிறு இழுக்க வேண்டாம், எண்ணெய் வழியாது, நைட்ரோவைவிட வேகம். பொத்தானைத் தொட்டால் உஸ்ஸென்று போகும். டாக்டர்தான் முதலில் மாறினார். பிறகு ஒவ்வொருவராக. நல்ல பேட்டரியும் அதற்கான சாமான்களும் வாங்க முடிந்தவர்கள் மாறினார்கள், முடியாதவர்கள் வருவதை நிறுத்தினார்கள். லைட் தூக்குகிறவர் ஒரு ஞாயிறு வரவில்லை, பிறகு வரவே இல்லை. மலிவு இன்ஜினோடு வந்தவர்களில் பாதிப்பேர் அதோடேயே போய்விட்டார்கள். கடைகளில் எரிபொருளும் கிடைக்காமல் போனது. நண்பன் எங்கேயோ சொல்லிவைத்து மெத்தனாலும் நைட்ரோவும் கலந்த ஒரு கேன் வாங்கிவைத்திருந்தான். இனி கிடைக்காது என்று விற்றவரே சொல்லிவிட்டார்.

கார்த்திகை பிறந்ததும் பந்தயக்காரர்கள் கூடி முடிவெடுத்தார்கள். அடுத்து வரும் ஞாயிறோடு நைட்ரோ கடைசி. அதற்குப் பிறகு குளத்தில் பேட்டரி மட்டும்.

இதை நைனாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. காது கேட்காதவரிடம் மெதுவாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது. கத்திச் சொன்னால் நாலு குடித்தனத்துக்கும் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். நான் படகைக் காட்டி, இல்லை என்று கையை விரித்தேன். இன்ஜின் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, பிரித்துப் பார்க்கலாம் வா என்றார். இல்லை, எல்லாப் படகும் என்று காட்டினேன். புரியவில்லை. கடைசியில் அம்மா வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் காது இரண்டையும் தன் உள்ளங்கைகளால் மூடி, தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

அம்மா கையை எடுத்ததும் நைனா என்னைப் பார்த்தார்.

"எப்போலேர்ந்து?"

வரும் ஞாயிறுதான் கடைசி என்று விரலில் காட்டினேன்.

"அன்னிக்கு நம்ம மிஷினு ஓடணும்" என்றார். "வேற எது ஓடலன்னாலும் நம்மளுது ஓடணும். ஒரு முழு டேங்கு. நான் கேட்டுக்கறேன்."

அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சட்டை வேண்டும் என்றோ, காசு வேண்டும் என்றோ, ஒன்றும். நண்பனிடம் சொன்னேன். ஜெயிக்கிறோமோ இல்லையோ, அப்பாவுக்கு ஒரு முழு டேங்க் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று அவனும் சொன்னான். இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டினோம். எல்லாம் தயார். எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்த அந்தக் கேனில் சேர்க்க விளக்கெண்ணெய் மட்டும் வாங்க வேண்டும்.

படிப்பு முடித்து நான் வேலைக்குச் சேர்ந்திருந்த அலுவலகமும் நந்தனத்தில்தான், சனிக்கிழமையும் போக வேண்டும். காலையில் கிளம்பும்போது காலி எண்ணெய் பாட்டிலை எடுத்து நைனாவிடம் காட்டினேன். அது பழைய தண்ணீர் பாட்டில். அதில் பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. மாட வீதி நாட்டு மருந்துக் கடையில்தான் எப்போதும் வாங்குவோம். "வெளக்கெண்ணதானே? எனக்குத் தெரியாதா? நீ போ" என்று பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டார். வேலைக்குப் போகிற காலத்தில் இருந்த ஒரு விறைப்பு அவர் முதுகில் அன்றைக்குத் தெரிந்தது.

சாயங்காலம் நான் திரும்பியபோது கேன் வாசலில் இருந்தது. எண்ணெயை ஊற்றிக் கலந்து, மூடியை இறுக்கி, துணியால் துடைத்து வைத்திருந்தார். வாராவாரம் நான் செய்வதைப் பார்த்துப் பார்த்து அளவு அவருக்கு மனப்பாடம். எவ்வளவு ஊற்றினார் என்று விரல் வைத்துக் காட்டினார். சரியான அளவு. வெள்ளைக் கேன், உள்ளே இருப்பது வெளியில் தெரியாது. தோளைத் தட்டிக் கொடுத்தேன். அம்மா அன்று தீபத்துக்கு அகல்களைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வீதி முழுக்க அந்த வாரம் அதே வேலைதான்.

ஞாயிறு காலையில் குளத்தங்கரையில் ஐந்து நைட்ரோ படகுகள்தான் இருந்தன. மற்றவை எல்லாம் பேட்டரி. குடியிருப்புக்காரர்கள் பெருந்தன்மையாக, கடைசி நாள்தானே என்று விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் காலையில் கொஞ்ச நேரம் மட்டும்தான். ஆகவே நைட்ரோவை முதலில் விட்டுவிடுவது என்று ஏற்பாடு. நைனா வழக்கமாக நிற்கும் இடத்தில், தண்ணீர் செருப்பைத் தொடுகிற ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

நண்பன் கேனைத் திறந்து, டேங்கில் விடுகிற சின்ன பாட்டிலில் ஊற்றினான். அது உள்ளே தெரிகிற பாட்டில். அடியில் மஞ்சளாக எண்ணெய் தனியே நின்றது, மேலே மெத்தனால் தண்ணீராக நின்றது. குலுக்கினான். பால்போல வெளுத்தது. கீழே வைத்ததும் பழையபடி பிரிந்தது. விளக்கெண்ணெய் மட்டும்தான் மெத்தனாலில் கரையும். வேறு எந்த எண்ணெயும் இப்படித்தான் பிரிந்து நிற்கும். நண்பன் மூடியை முகர்ந்து பார்த்தான். ஜவ்வாது வாசனை அடித்தது. கோயில் விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய்.

அவனுக்குக் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"எந்த வெளக்கெண்ணெ இத கலந்தது லே?"

சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தான். பிறகு நைனா நிற்கிற பக்கம் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். நைனாவுக்கு அது கேட்டிருக்காது. ஆனால் அவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு கேன்தான் இரண்டு படகுக்கும். மேலே நிற்பதை மட்டும் உறிஞ்சி எடுத்து, புதிதாக விளக்கெண்ணெய் கலந்தால் ஓடும் என்றேன். எடுக்கலாம், ஆனால் விளக்கெண்ணெய்க்கு எங்கே போவது? மருந்துக் கடைகூட அந்த நேரத்துக்குத் திறந்திருக்காது. நண்பன் மற்ற மூன்று படகுக்காரர்களிடம் ஓடினான். ஆளுக்கு ஒரு டேங்க்தான் வைத்திருந்தார்கள், அதையும் ஊற்றி முடித்துவிட்டார்கள். மெக்கானிக் தன் படகைக் காட்டி, தன் டேங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கும் அது கடைசி. எடுக்க மனம் வரவில்லை. அதற்குள் கொடி அசைந்துவிட்டது.

மூன்று படகுகளும் கிளம்பின. சத்தம் குளத்தை நிரப்பியது. எங்கள் இரண்டு படகும் கரையில், துணியின் மேல் கிடந்தன.

நைனா தண்ணீர்ப் பக்கம் திரும்பவில்லை. எங்களை நோக்கி வந்தார். நான் இன்ஜினைக் காட்டி உதட்டைப் பிதுக்கினேன். கெட்டுப்போச்சு, நம்ம கையில் இல்லை என்கிற மாதிரி. நண்பனும் சேர்ந்து தலையை ஆட்டினான். நைனா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து கேனைத் திறந்தார். விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார்.

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் கேட்கவில்லை. படகுகள் அப்போது எங்கள் முன்னால் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தன. நான் அவர் வாயைப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்க்கிற மாதிரியே.

"வெளக்கெண்ணன்னுதான் கேட்டேன். ஒரே கும்பலு. கடக்காரன் இன்னாவோ கேட்டான். வெளக்குக்கான்னு கேட்டிருப்பான் போல. நான் தலையாட்டிட்டேன்."

படகுகள் தாண்டிப் போயின. அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இந்த முறை சத்தத்தோடு வந்தது, எப்போதும்போல உரக்க.

"எனக்குக் கேக்கலடா."

நான் அவர் கையைப் பிடித்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எந்த வார்த்தையும் அவரிடம் போய்ச் சேராது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பன் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டான். படகுகள் இன்னும் சில சுற்று ஓடின. நைனா அவற்றைப் பார்த்தபடி நின்றார். புருவம் அசையவில்லை. மெக்கானிக்கின் படகு ஜெயித்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றாக அணைந்தபோது கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். டாக்டர் வந்து நைனாவின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். நைனா தலையாட்டவில்லை. என் பக்கம் கையைக் காட்டிவிட்டு விலகி நின்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது கேன் என் மடியில் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் சட்டை போடவில்லை. நீ போய் வா என்றார். நான் மட்டும் போனேன். குளம் அழகாக இருந்தது. படகுகள் வழுக்கிக்கொண்டு போயின. ஆட்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள், சிரித்தார்கள். ஒருவர் சொல்வதை அடுத்தவர் முதல் தடவையிலேயே புரிந்துகொண்டார். எங்கேயோ ஒரு ஜன்னலில் குக்கர் விசில் அடித்தது கேட்டது. நான் பாதியில் கிளம்பிவிட்டேன். நண்பன் இப்போது கடையில் உட்காருகிறான். படகை விற்றுவிட்டான். என்னுடையது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இன்ஜினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். இன்னொரு கேன் எரிபொருளுக்கு எங்கெங்கோ கேட்டுப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

நைனா மாறிவிட்டார். அதைத்தான் நாங்கள் இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டிருந்தோம். காது கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள், சொன்னால் யாரும் தலையை வாங்கிவிட மாட்டார்கள் என்று அம்மா எத்தனை சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அவரே சொல்கிறார். யாரையும் பார்த்த உடனே, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்கிறார். பஸ் கண்டக்டரிடம், ரேஷன் கடையில், புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம். எனக்குக் காது கேக்காதும்மா. வீட்டில் சண்டை போடுவதில்லை. அம்மா உரக்கப் பேசினாலும் கோபிப்பதில்லை. கோபித்தால் தேவலை என்று அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

பொங்கலுக்குச் சட்டை எடுக்க அவரைத் தி. நகருக்குக் கூட்டிப்போனேன். நண்பனின் கடைக்குப் போகவில்லை, வேறொரு கடை. கூட்டம் நெரித்தது. விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டே வந்து நைனாவிடம், "வாங்கப்பா, எந்த மாதிரி பாக்குறீங்க?" என்றான்.

"எனக்குக் காது கேக்காதுப்பா. பையன் கீறான், அவனக் கேளு."

அந்தப் பையனின் முகம் உடனே என் பக்கம் திரும்பிவிட்டது. அதன் பிறகு அவன் நைனாவைப் பார்க்கவே இல்லை.

"பெரியவருக்கு என்ன கலர் புடிக்கும் சார்?"

எனக்குத் தெரியவில்லை. நீலச் சட்டை ஒன்றையும் சந்தனக் கலர் ஒன்றையும் எடுத்து, இரண்டு கையிலும் உயர்த்தி நைனாவுக்குக் காட்டினேன். அவர் சட்டைகளைப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.